கட்டில் படங்கள் வந்த காலம்

தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துச் சுவர்களில் அப்போது ஒரு பெரிய கடையே இருந்தது. இலங்கையில் தெஹியோவிட்ட பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய எங்கள் அப்பா அம்மா கனவிலும் வாங்க முடியாத கட்டில், அலுமாரி, டீவி எல்லாம் அதில் உண்டு. டவுன் கடைக்காரர் ஒருவர் தபாலில் வீட்டுக்கு வீடு அனுப்பிய வண்ண நோட்டீஸ்கள் அவை. எல்லாம் சிங்களத்தில் இருக்கும். நாங்கள் சிங்களம் பேசுவோம், வாசிக்க வராது. அதனாலென்ன, அம்மா கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டிவிடுவார். சுவர் வெடிப்பில் நுழையும் காற்றாவது நிற்கும்.

அக்காவுக்கு மட்டும் அவற்றைக் கண்டாலே எரிச்சல். ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணி, டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, நேர்முகப் பரீட்சைக் கடிதத்துக்காக வாசலே கதியென்று கிடந்தாள். அவளுக்கு வேலை கிடைத்ததும் அம்மா பால் வெட்டப் போகக்கூடாது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் ஓடுவாள். கட்டில் படத்தோடு திரும்புவாள். பாவம், எத்தனை கட்டில்!

ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"மாத்தையா, இந்தக் குப்பையத் தூக்கிக்கிட்டு இனிமே வராதீங்க. காயிதம் இருந்தா மட்டும் வாங்க" என்றாள் தபால்காரரிடம்.

படித்த பிள்ளை சொன்னால் சும்மாவா? லயமே நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்தது. பக்கத்து லயங்களும் அப்படியே செய்ய, கடைக்காரர் அனுப்புவதையே நிறுத்திவிட்டார். தினமும் வந்த தபால்காரர் கிழமைக்கு ஒருமுறை வரத் தொடங்கினார். படம் போயிற்றே என்று நான் அழுதேன். அக்கா என் தலையில் குட்டினாள்.

கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்த அக்காவின் முகம் செத்துப்போயிற்று. நேர்முகப் பரீட்சை முந்தின நாளே முடிந்திருந்தது.

"இது தபால் கந்தோருக்கு எப்ப வந்துச்சுங்க?"

"நான் போன தடவை வந்துட்டுப் போன மறுநாளே வந்திருச்சு தங்கச்சி" என்றார் தபால்காரர், அவள் முகத்தைப் பார்க்காமல். "நோட்டீஸ் இருந்தப்ப கடைக்காரர் கட்டுன காசுல தினமும் என்னைய மேல தோட்டத்துக்கு அனுப்புனாங்க. ஒத்தக் காயிதத்துக்கு யாரு அனுப்புவா?"

அக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த மாதமே அவள் வாளியை எடுத்துக்கொண்டு அம்மாவோடு பால் வெட்டப் போனாள். வாசலில் நின்று அவள் போவதைப் பார்த்தேன். இனிமேல் நோட்டீஸ் வந்தால் திருப்பிக் கொடுக்க வீட்டில் ஆளில்லை என்று எனக்கு அன்று ஒரே சந்தோஷம்.