கேடயத்துக்குப் பதில் மரியாதை

காஜா பெராங் சாலையில், ஒரு சலவைக் கடையின் மாடியிலிருந்த சைபர் கஃபேயில்தான் உலகத்தின் நல்ல மனிதர்களைச் சந்தித்தேன். ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. அவர்களுடைய நற்குணத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அன்று மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை. நானும் நண்பனும் ஆடிய இணைய விளையாட்டில் நண்பகலில் டிராகன் வரும். ஒரே ஒருமுறை அதன் முன்னால் நின்றுவிட வேண்டும். அப்போது என் வாழ்க்கை லட்சியமே அதுதான். ஆனால் என் வீரன் புதுசு. கையில் மரக்கத்தி, தலையில் தொப்பி, உடம்பில் பனியன்.

கோட்டை வாசலில் நின்ற முன்பின் தெரியாத ஒருவர், என் வீரனின் பெயரைப் பார்த்தே தமிழன் என்று கண்டுகொண்டு, தன் இரும்புக் கேடயத்தைக் கொடுத்தார். "எடுத்துக்க தம்பி, என்கிட்ட இன்னொன்னு இருக்குலா" என்று எழுதினார்.

வாங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுப் பாத்திரம் காலியாகத் திரும்பிப் போனதே இல்லை. குழம்பு வந்த டப்பாவில் இரண்டு வாழைப்பழமாவது போகும். ஆகவே என் மருந்துக் குப்பிகள் அத்தனையையும் அவரிடம் நீட்டினேன்.

"எதுக்கு தம்பி இதெல்லாம்!" என்றவர் பதிலுக்கு ஒரு பை சுட்ட மீன் கொடுத்தார். அவர் வீட்டிலும் ஓர் அம்மா உண்டு என்று புரிந்தது. மீனுக்குத் தொப்பி கொடுத்தேன். தொப்பிக்கு பூட்ஸ் வந்தது.

பக்கத்துக் கணினியிலிருந்த நண்பன் கத்தினான்.

"டிராகன் வரப்போவுது, சம்பந்திங்க மாதிரி சீர் செஞ்சிக்கிட்டு இருக்கீங்க!"

"இருடா, பூட்ஸ் கொடுத்துட்டாரு."

"போட்டுக்கிட்டு ஓடுலா!"

"சும்மா எப்படிடா போறது?"

பக்கத்து வீட்டு ஆண்ட்டி நினைவுக்கு வந்தார். பலகாரப் பையை எங்கள் கேட்டில் மாட்டி, மணியடித்துவிட்டு, அம்மா வெளியே வருவதற்குள் காரைக் கிளப்பிவிடுவார். பதிலுக்கு எதுவும் கொடுக்க முடியாது. நானும் மிச்சமிருந்த மரக்கத்தியைக் கேடயக்காரர் காலடியில் போட்டுவிட்டு ஓடினேன்.

டிராகன் குகைக்குள் நுழையும்போது இன்னொருவர் பின்னாலேயே ஓடிவந்தார். "ஆபாங், பாராங் ஜாத்து!" என்று மலாயில் எழுதினார். அண்ணே, என் கத்தி கீழே விழுந்துவிட்டதாம். கையிலேயே கொடுத்தார்.

மீனை வழியிலேயே தின்றாயிற்று, பூட்ஸ் காலில்; பதிலுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது கேடயம் மட்டும்.

"வேணாம்டா!" என்றான் நண்பன்.

கொடுத்தேன். அவர் அதை வாங்கி, எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்கு என்ன கொடுப்பது என்று நான் யோசிப்பதற்குள் டிராகன் வாயைத் திறந்துவிட்டது.