மலையேற்றாமல் விட்ட டேப்

கொடைக்கானலில் பேய்களை வைத்து ஹெவி மெட்டல் ஆல்பம் போட்ட முதல் ஆட்கள் நாங்கள்தான்.

மொத்தம் மூன்று பேர். நான் கிட்டார், இன்னொருவன் டிரம்ஸ், பாடுவது உபதேசியார் மகன். பங்குச்சாமியார் ஊரில் இல்லாத நாளில் கோயிலில் ஜெபம் நடத்துகிற மனிதரின் ஒரே பையன், "நரகமே வா" என்று தொண்டை கிழியக் கத்துவான். பாட்டெல்லாம் அவன் எழுதியவைதான். எல்லாவற்றிலும் பிசாசு, சுடுகாடு, ரத்தம். எங்கள் மூவரில் எதையுமே நம்பாதவனும் அவன்தான். சாமி, சாத்தான் இரண்டையும் ஒரே நக்கல்தான் அடிப்பான்.

எண்பதுகளின் நடுவில், கல்லூரி முடித்துச் சும்மா சுற்றிய மழைக்காலம். சீசன் இல்லாததால் பூட்டிக்கிடந்த ஒரு காட்டேஜுக்கு டிரம்மரின் சித்தப்பா சாவி வைத்திருந்தார். சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டோம். ஸ்பூல் ரெக்கார்டர், பஜாரில் ரேடியோ கடை பாயிடம் இரவல் வாங்கியது. கேசட்டைக் கடையில் வைத்து விற்பதாகவும் சொல்லியிருந்தார்.

"பேய்ப்பாட்டா? பொட்டிக்கு எதும் ஆச்சுன்னா நா பேய்கிட்ட போய் நிக்க மாட்டேன்லே. ஒங்க வீட்டு வாசல்லதான் நிப்பேன்."

எங்கள் ஸ்டூடியோ டெக்னிக் ரொம்ப சிம்பிள். ஸ்பூலில் பிடித்ததை ஸ்பீக்கரில் ஓடவிடுவோம். அதோடு கிட்டாரும் டிரம்ஸும் கத்தலும் சேர்த்து டிரம்மர் வீட்டு கேசட் டெக்கில் பிடிப்போம். அவ்வளவுதான்.

கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஏதோ குறைந்தது. "வெள்ளக்காரன் பேய் போதும்லே, நம்மூர்ப் பேயக் கூப்புடுவோம்" என்றான் உபதேசியார் மகன். கீழே மலைச்சரிவில் இருக்கிற வெள்ளகவியிலிருந்து உடுக்கடிக்கிற ஒருவரை வரவழைத்தோம். ஊரே சாமி இடம் என்று அங்கே யாரும் செருப்புப் போடுவதில்லை. அவரும் அட்டைக் கடியோடு வெறுங்காலில் ஏறி வந்தார். எங்கள் பூட்ஸைக் கழற்றச் சொன்னார். சிரித்துக்கொண்டே கழற்றினோம்.

அடித்தார் பாருங்கள்! சாமியைக் கூப்பிடுகிற அடி, கூப்பிடுகிற பாட்டு. எங்கள் டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். அப்புறம் திடீரென்று அடி மெதுவானது. நான் ஸ்பூலை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் மலையேத்தலிங்க."

"அது ஸ்லோவா கெடக்குண்ணே. எங்களுக்கு வர்றது மட்டும் போதும்."

"வந்தவரு போக வேண்டாமா?"

"நாங்க பஸ் ஏத்தி விட்டுர்றோம்ணே" என்றான் பாடகன். விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் வராந்தாவில் போய் நின்று மீதியைத் தனக்குத்தானே அடித்து முடித்துவிட்டு, கிட்டாரை ஒருமுறை டொய்ங் என்று தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிப்போனார். டேப்பில் சாமி வருவது மட்டும் இருந்தது. போவது இல்லை.

மறுநாள் ரெக்கார்டிங். கத்தல் சரியாக விழவில்லை. ரீவைண்ட், மறுபடி கூப்பிடு. ரீவைண்ட், மறுபடி கூப்பிடு. எத்தனை முறை என்று யார் எண்ணினார்கள்? ஒரு டேக்கில் பாடகன் மைக்கைக் கீழே போட்டான். உடம்பு உதறியது. நான் சத்தியமாக நடிப்பென்றுதான் நினைத்தேன்.

"செம டேக்குலே! விடாத!"

அவன் என்னைப் பார்த்தான். கண்ணில் நான் இல்லை.

"சோறு எங்க?" அது அவன் குரலே இல்லை. "எத்தன தலமுறையா என்னயப் பட்டினி போட்டிருக்கீங்க?"

டிரம்மர் கம்பளிக்குப் பின்னால் போய்விட்டான். அந்த நேரம் பார்த்து மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த உபதேசியார் உள்ளே நுழைந்தார். தினமும் கேட்டிலேயே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மனிதர். தொலைந்தோம், ஜெபமாலையை எடுத்து எங்களையும் சேர்த்து ஓட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் பூட்ஸைக் கழற்றினார். கையைக் கூப்பினார்.

"யாரு வந்திருக்கீங்க?"

அவன் ஒரு பெயரைச் சொன்னான். நான் கேள்விப்படாத பெயர்.

"தெரியுமுங்க. எங்க தாத்தா ஞானஸ்நானம் வாங்கி வேதத்துல சேர்றப்ப ஒங்ககிட்டச் சொல்லாம வந்துட்டாரு. தப்புத்தானுங்க." தூக்குவாளியைத் திறந்து மூடியில் சோற்றைக் கொட்டி அவன் காலடியில் வைத்தார். "இன்னிக்கி இதான் இருக்கு. ஏத்துக்கிட்டு மலையேறுங்க. புள்ளய விட்ருங்க." என் பக்கம் திரும்பாமலே, "ஏலே, அந்தப் பொட்டிய நிறுத்து" என்றார். ஸ்பூலை நிறுத்தினேன்.

பிறகு வாளியின் பக்கவாட்டில் விரலால் தட்டினார். மெதுவாக. நாங்கள் 'ஸ்லோ' என்று வெட்டிப் போட்ட அதே அடி! உபதேசியாருக்கு அது எப்படித் தெரியும்!

அவன் மடிந்து விழுந்தான். தண்ணீர் கேட்டான். அவன் குரல்.

உபதேசியார் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது கேசட் டெக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். "இது ஓடுதா?"

"ஆமாங்கய்யா."

"எல்லாமா?"

தலையாட்டினேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "பங்குச்சாமியார் காதுக்குப் போச்சுன்னா நாளைக்கி கோயில் படி மிதிக்க முடியாது தம்பி."

அந்த நேரத்திலும் என் மண்டையில் ஓடியது, இப்படி ஒரு டேக் இனி வாழ்க்கையில் கிடைக்காது என்பதுதான்.

கம்பளியைச் சுற்றிக்கொண்டு மகன் கேசட் முழுவதையும் போட்டுக் கேட்டான். தன் கத்தலை வாய் பிளந்து கேட்டான். அப்பாவின் குரல் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒங்களுக்கு இதெல்லாம் தெரியுமாப்பா?"

"வாய மூடிக்கிட்டு சோத்தத் தின்னுலே."

மூடியில் இருந்ததை எடுத்துத் தின்றான். கை கழுவி வந்து, டேப்பை அப்பா குரல் தொடங்கும் இடத்துக்குக் கொண்டுபோனான். மைக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ரெக்கார்டை அழுத்தினான். என்னைத்தான் பார்த்தான். நான் தடுக்கவில்லை. அந்த அடி முடிகிறவரை டேப்பில் வெறுமை ஏறிக்கொண்டிருந்தது.

"ஏங் கத்தல் இருக்கட்டும்" என்றான். "நல்லாத்தான் இருக்கு."

கேசட் வந்த மாதம் பாய் எங்களைக் கடைக்குள் இழுத்தார். "என்னலே பண்ணி வெச்சிருக்கீங்க? கடேசிப் பாட்டு பாதியில நின்னுருதாம். அப்றம் வெறும் காத்துதான் ஓடுதாம். மாத்திக் குடுன்னு வந்து நிக்கிறாய்ங்க."

நான் வாயைத் திறக்குமுன் உபதேசியார் மகன் சொன்னான்: "மாத்திக் குடுக்க வேற கெடையாது பாய். பாட்டே அம்புட்டுத்தான்."