வெந்த தேன்

தேனீ பூவிலிருந்து எடுத்து வருவதை அப்படியே அடையில் வைத்துவிடுவதில்லை. தன் உடலில் சுரக்கும் நொதிகளை அதனோடு சேர்க்கிறது. அவற்றில் ஒன்று மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். அதே இனத்தைச் சேர்ந்த நொதி நம் எச்சிலிலும் உண்டு. வெறும் சோற்றை வெகுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். வெல்லப்பாகில் அது கிடையாது. ஆகவே, விற்க வருவது தேனா பாகா என்று அறிய ஒரு வழி இருந்தது. தெளிந்த கஞ்சியில் தேனைக் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, மாவுச்சத்தை நீலமாக்கும் அயோடினில் ஒரு சொட்டு விடவேண்டும். நொதி வேலை செய்திருந்தால் மாவு மிஞ்சாது, நீலம் வராது. நீலம் வந்தால் நொதி இல்லை என்று பொருள்.

இதைச் செய்யத்தான் என்னைக் கொல்லிமலைக்கு அனுப்பினார்கள். யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு. ரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்த எனக்கு, லேகியத்துக்குத் தேன் வாங்கும் ஒரு மருந்துக் கம்பெனி அந்த வேலையைக் கொடுத்தது.

மலையின் ஒரு பகுதியான வாழவந்தி நாட்டில் எந்தப் பாறையில் யார் தேன் எடுப்பது என்பது குடும்பவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பொய்த் தேன் விற்றவன் என்று பெயர் வந்தால் பாறை போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதன்பின் ஊர்க்கூட்டத்தில் அவன் சொல் எடுபடாது.

மார்கழியில் நான்கு குடும்பங்கள் தேன் கொண்டு வந்தன. மேற்கே பார்த்த பாறைக்கு உரியவர் கடைசியாக வந்தார். நாற்பது வயதிருக்கும், சிரிக்காமல் கேலி பேசுவார்.

"ஏனுங்க சாமி, நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லீங்க. என் தேன் மட்டும் பாசாகுமுங்களா?"

அவருடைய தேன் குளிரில் உறைந்து நெய்போல இருந்தது, மற்றவர்களுடையது உறையவில்லை. உறைந்ததைச் சோதனைக் குழாயில் ஊற்ற முடியாது. அடுப்பில் நான் குளிப்பதற்காக வைத்த வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சிறு சீசாவில் அந்தத் தேனை எடுத்து அண்டாவுக்குள் இறக்கிவிட்டு, யாரோ கூப்பிட்டதால் வெளியே போனேன். திரும்பி வந்தபோது தேன் நன்றாக இளகியிருந்தது. சோதனை செய்தேன். அவருடைய குழாயில் மட்டும் நீலம் வந்தது. எல்லோர் முன்னிலையிலும் அதைச் சொன்னேன்.

"வெல்லங் கலந்துட்டேங்கறீங்களா?" என்று கேட்டார். இப்போது கேலி இல்லை.

"தேனில் இருக்க வேண்டியது இதில் இல்லை."

மறுநாள் காலை வெந்நீர் போடும்போதுதான் கொதிநீரில் இறக்கிய சீசா நினைவுக்கு வந்தது. அந்தச் சூட்டில் நொதி கெட்டிருக்கும். அவர் வைத்துவிட்டுப் போன குடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து, இந்த முறை பச்சைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். நீலம் வரவில்லை. குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. படித்தவன் குளிக்கிற வெந்நீரில் தேனை வேக வைத்தான் என்று மலை முழுக்கச் சிரிப்பார்கள் என்பதுதான் அப்போது எனக்கிருந்த பயம்.

அன்று மாலை அவரே வந்தார்.

"என்ன கொறைச்சல்னு சொன்னீங்கன்னா, அடுத்த வருசம் சரி பண்ணிக்குவேங்க."

நொதியைப் பற்றிச் சொன்னேன். அன்று எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பின்னாளில் படித்து அறிந்தது இது: நொதி பெரும்பாலும் புரதம், புரதம் ஒரு நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி தனக்கே உரிய முறையில் மடிந்து சுருண்டால்தான் அதில் ஒரு குழிவு உண்டாகும். மாவுச்சத்தின் இழை அந்தக் குழிவில் வந்து பொருந்தி உடையும். கடும் சூடு பட்டால் மடிப்பு அவிழ்கிறது. சங்கிலி அறுவதில்லை, அதே பொருள் அங்கேயே இருக்கிறது. உருவம் போனதால் வேலையும் போய்விடுகிறது. அன்று அவரிடம் முட்டையை உதாரணம் காட்டினேன். வெந்த முட்டை ஆறினாலும் மறுபடி பச்சை முட்டை ஆகாது அல்லவா, அதுபோல என்றேன்.

"அப்ப, சூடு பட்டாலும் நீலம் வருமுங்களா?"

"வரும்."

"நாங்க தேனச் சுட வெக்கிறதில்லீங்க." வெகுநேரம் யோசித்தார். "பாறை மேக்க பாத்தது. உச்சி சாஞ்சா அம்புட்டு வெயிலும் அடை மேலதான். கல்லு கொள்ளிக்கட்டையாட்டம் கொதிக்குமுங்க. அதாத்தான் இருக்கோணும்."

அடையில் வெயில் ஏறினால் தேனீக்கள் விசிறியே குளிர்வித்துவிடும் என்று எனக்குத் தெரியும். "இருக்கலாம்" என்றேன்.

ஊர்க்கூட்டத்தில் அவர் அதையே சொன்னார். "அய்யா சொன்னது நெசமுங்க. வெல்லமில்லீங்க, வெயிலுங்க. அந்தப் பாறைத் தேன் கம்பெனிக்கு ஆகாதுங்க." பாறையைத் தாமாகவே விட்டுக் கொடுத்தார். கூட்டத்துக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார். வெயிலாலும் ஆகலாம் என்றேன். பொய்க்காரன் என்ற பெயர் அவர்மேல் விழவில்லை. ஒரு வருஷம் பார்ப்போம் என்று பாறையை அவருக்குத் தம்பி முறையான பங்காளி ஒருவருக்குக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் எனக்குக் கும்பிடு போட்டார். "நீங்க வெவரமாச் சொல்லலீன்னா மானம் போயிருக்குமுங்க சாமி." யாருக்கும் பெரிய கேடு இல்லாமல் முடிந்தது என்று அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த மார்கழியில் பங்காளி அதே பாறையின் தேனைக் கொண்டு வந்தார். வெயில்தான் காரணமா என்று பாறைக்கே சோதனை என ஆகிவிட்டதால் ஊரே கூடியிருந்தது. தேன் உறைந்திருந்தது. பச்சைத் தண்ணீரில் கரைத்தேன். அயோடின் விட்டேன். நீலம் வரவில்லை.

கூட்டத்தில் ஒருவன், "ஏனப்பா, இந்த வருசம் மேக்கால வெயிலே அடிக்கலியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"தம்பிக்காரனுக்குன்னா சூரியன் ஒதுங்கிப் போகுதாட்டம் இருக்குது" என்றான் இன்னொருவன்.

பாறையை விட்டுக் கொடுத்தவர் முன்னால் வந்து குழாயை உற்றுப் பார்த்தார். "போன வருசம் என் தேனு இப்படி வல்லீங்களா, சாமி?"

வந்தது, இரண்டாவது முறை இப்படியேதான் வந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் வெந்நீரைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் சும்மா இருந்ததையும் சொல்ல வேண்டும்.

"வரவில்லை" என்றேன்.

"அப்ப வெயிலு இல்லே" என்றார் ஊர்க்கவுண்டர்.

பாறை பங்காளியிடமே நின்றது. நான் மலையில் இன்னும் ஒரு வருஷம் இருந்தேன். அதற்குள் ஒரு வரப்புத் தகராறு கூட்டத்துக்கு வந்தது. இரண்டு புன்செய்க் காடுகளுக்கு நடுவிலிருந்த எல்லைக்கல்லை நட்ட நாளில் கூட இருந்தவர் அவர் ஒருவர்தான். சொல்வதற்காக எழுந்தார்.

"நீ உக்காரு" என்றார் ஊர்க்கவுண்டர்.

"கல்லு நட்டப்ப நானிருந்தனுங்க."

"உக்காரு சாமி. வேற ஆருக்காச்சும் தெரியுமா?"

வேறு யாருக்கும் தெரியவில்லை. அவர் துண்டைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பெஞ்சு போட்டு ஊர்க்கவுண்டர் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.