கண்ணாடியில் தொங்கிய கருவளையல்

அண்ணனின் வலது கையை உடைத்தவர்கள் தேடி வந்தது என்னைத்தான்.

அவர் என் உடன்பிறந்தவர் அல்ல. சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். லாரி, கோழிப்பண்ணை, பத்து பெரண்டாமில் தொழிற்சாலை என்று எங்கும் ஒரு வருடம் தங்காமல் திரிந்து அங்கே போய்ச் சேர்ந்தபோது, தம் வீட்டின் பின்னறையைக் கொடுத்தார். நான்கு மாதம் அங்கே இருந்தேன்.

தோட்டத்துப் பாதையோரம் மழைநீர் போக லோங்காங் வெட்டினார்கள். ஆளுயரப் பள்ளம். மூடி போடாமலே குத்தகைக்காரர் 'வேலை முடிந்தது' என்று பலகை நட்டுவிட்டுப் போனார். ஒரு மழையில் பால்மாடு ஒன்று உள்ளே விழுந்து கழுத்து முறிந்தது. சாக அரை நாள் எடுத்துக்கொண்டது. தூக்க இரண்டு நாளாக ஆள் வரவில்லை.

அரசாங்க வேலைகளைக் கேள்வி கேட்கும் தமிழ்க் கருத்துக்களம் ஒன்று இணையத்தில் இருந்தது. பொய்ப்பெயரில் எழுதலாம். வேலை ஓய்வில் அதைத்தான் படித்துக்கொண்டிருப்பேன். பலகையும் பள்ளமும் ஊதிய மாடும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்தேன். பள்ளத்தின் அகலம் தெரிய அண்ணனின் மோட்டாரை ஓரத்தில் நிறுத்தி, பதிவு எண்ணைச் சேம்பிலையால் மறைத்தேன். என்னைப் போல் சாமர்த்தியசாலி இல்லை என்று நினைப்பு.

அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் மகள். அவளுடைய முதல் கருவளையல் சிறிதானதும், கண் படாமலிருக்க அதை மோட்டார் கண்ணாடியில் கட்டியிருந்தார். அந்த வட்டாரத்தில் அதற்குப் பெயரே வளையல் மோட்டார். எண்ணைப் பார்த்து அடையாளம் சொல்கிற ஊர் இல்லை அது. தினமும் அந்த வளையல் முகத்துக்கு நேரே ஆடியும், வந்தேறியான எனக்கு அது உறைக்கவில்லை.

களத்தில் படம் போட்ட மூன்றாம் நாள் மதியம், அண்ணன் ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது குத்தகைக்காரரின் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். நடந்ததைக் கடைக்கார அக்காதான் எனக்குச் சொன்னார். ஒருவன் கண்ணாடியிலிருந்து வளையலைப் பிடுங்கி வந்து, "இது யாரோடது?" என்று கேட்டான்.

"எம் மவளோடது."

இரும்புக் குழாய் முதலில் தோளில் விழுந்தது. படத்தைப் பற்றிக் கேட்டபோதே எடுத்தது யார் என்று அண்ணனுக்குப் புரிந்திருக்கும். சொல்லவில்லை. கையை முக்காலியில் அழுத்திப் பிடித்து மணிக்கட்டில் இரண்டு முறை இறக்கினார்கள். வளையலைச் செருப்பால் மிதித்து உடைத்தார்கள். நாளை சாயங்காலத்துக்குள் படம் போகாவிட்டால் இடது கை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து படத்தை அழிக்கப் பார்த்தேன். பதில் விழுந்த பதிவை எழுதியவர் அழிக்க முடியாது, நிர்வாகிதான் அழிக்கலாம் என்று வந்தது. கீழே பக்கம் பக்கமாகப் பாராட்டு. நிர்வாகிக்கு என் எண்ணை அனுப்பினேன். தெற்கே ஆயர் குரோ நகரில் காரோட்டிக்கொண்டே கூப்பிட்டார்.

"ஒருத்தருக்காக எடுத்தா நாளைக்கு எல்லாரும் எடுக்கச் சொல்வாங்க லா, பிரதர். போலீஸ் ரிப்போர்ட் போடுங்க. கை போட்டோ இருந்தா அனுப்புங்க."

போலீஸில் எழுதிக்கொண்டார்கள். விசாரிப்பதாகச் சொன்னார்கள்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நம்பர மறைச்ச. வளையல ஏன்டா வுட்ட?"

அண்ணி என்னைப் பார்க்காமலே பேசினார். "நீ இன்னொரு ஊருக்குப் போயிடுவ தம்பி. நாளைக்கு அவனுங்க எங்க வூட்டுக்குத்தான வருவானுங்க."

போயிருப்பேன்தான். பையில் துணி எப்போதும் மடித்தே இருக்கும். ஆனால் மறுநாள் காலை அதே களத்தில், என் முகத்தைப் படம் எடுத்துப் போட்டேன். மோட்டாரைக் கேட்காமல் எடுத்தது நான், அதன் சொந்தக்காரருக்கு எதுவும் தெரியாது, நான்கு மணிக்கு ஒட்டுக்கடையில் இருப்பேன் என்று எழுதினேன்.

நான்கு மணிக்கு முன்பே அக்கா கண்ணாடி ஜாடிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். அதே மூவர், அதே குழாய்.

"போட்டோல பாத்தத வுட நேர்ல கொஞ்சம் பரவால்ல, மாப்ள" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

இரண்டு பற்கள் முதலிலேயே போயின. பிறகு விலா. அழி என்றார்கள். என்னால் முடியாது, நிர்வாகிதான் முடியும் என்றேன். நம்பவில்லை. அதனால் இன்னும் அடித்தார்கள். கடைசியில் ஒருவன் என் கைப்பேசியைப் பிடுங்கித் தானே முயன்றான். திரையில் என் ரத்தம். அவன் விரல் வழுக்கியது. சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்தினான். அழியவில்லை.

"நெசமாவே முடியாது போலடா" என்று மற்றவர்களிடம் சொன்னான். கைப்பேசி லோங்காங்குக்குள் போனது. அண்ணனின் வீட்டுப் பக்கம் அவர்கள் பிறகு வரவில்லை.

சில வாரத்தில் பள்ளத்துக்கு சிமெந்து மூடி வந்தது. களத்தில் அதை வெற்றி என்று கொண்டாடினார்களாம். அண்ணனால் குலை வெட்டும் கம்பைத் தூக்க முடியவில்லை. இடது கையால் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறார்.

அண்ணனின் கைக்கட்டைப் பிரிக்கும் நாளில் நான்தான் மோட்டாரை ஓட்டினேன். கண்ணாடியில் அண்ணி வேறொரு வளையல் கட்டியிருந்தார், மகள் கையிலிருந்து கழற்றியது. சிமெந்து மூடியின் மேல் வண்டி குலுங்கியபோது, பின்னால் இருந்த அண்ணன் இடது கையால் என் விலாவை இறுகப் பிடித்துக்கொண்டார். உயிர் போகிற மாதிரி வலித்தது. கையை எடுக்கச் சொல்லவில்லை.