பதினொன்று பத்துப் படகு

காலை ஏழு நாற்பதுக்கு எங்கள் வண்டி டெல்லியிலிருந்து மானேசர் தொழிற்பேட்டைக்குப் போகும் நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும். பின்சீட்டில் இருக்கும் மோரி சார், நான் ஓட்டிப்போகும் ஜப்பானிய அதிகாரி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஃபெரி கயா" என்பார். படகு போய்விட்டதாம். ஜப்பானில் அப்போது பதினொன்று பத்து. செத்தோ உள்கடல் கரையில் அவர் ஊர்ப் படகு கிளம்பும் நேரம். அதைப் பிடிக்கவேண்டிய ஆள் இந்த வண்டியில் யாருமில்லை. ஆரம்பத்தில், நான் மெதுவாக ஓட்டுவதைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து "சாரி சார்" என்றேன். அவரும் "சாரி" என்றார். ஒரு வாரம் இப்படியே மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். இந்த மூன்று வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அவர் அதைச் சொல்லாமல் விட்டார். தூங்கிவிட்டார் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. வண்டியைப் பூட்டிய பிறகும் மூன்று தடவை கதவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனின் மகள் கலைவாணி, இங்கேயே பிறந்தவள், ஐடிஐயில் வெல்டிங் படித்து, ஜப்பானிய மொழித் தேர்விலும் தேறி, மோரி சார் ஊருக்குப் பக்கத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். ஆள் அனுப்பும் ஏஜென்சி அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றது. படிவத்தைப் பதினோரு நாள் வண்டியிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன்.

"கையெழுத்தத்தான கேக்கா, கழுத்தையா கேக்கா? என்னத்துக்கு இப்படிக் கெடந்து உருகுதீய?" என்றாள் என் மனைவி. கிட்வாய் நகரில் நாலு வீட்டுக்குச் சமைத்துவிட்டு வருகிறவள். பயப்பட அவளுக்கு நேரமில்லை.

"அப்பா, டென்ஷன் மத் லோ. வெல்டிங் பண்ணத்தான போறேன், லடாய்க்கா போறேன்?" என்றாள் கலை.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எத்தன நாள்ல வந்து சேருவ?"

"உங்களுக்கு என்ன ஆகும்? நீங்க பயந்து பயந்தே நூறு வருஷம் இருப்பீங்க."

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா இறந்தபோது, பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் போய்ச்சேர இரண்டு நாள் ஆகும், என்ன செய்ய என்று எல்லோரிடமும் சொன்னேன். சொந்தக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ரயிலைத் திட்டினார்கள்.

மறுநாள் நெரிசலில், மோரி சாரிடம் அவர் ஊரிலிருந்து டெல்லிக்கு எத்தனை நாள் ஆகும் என்று இந்தியில் கேட்டேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரு காகிதத்தை எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டார். கரையோரம் இரும்பாலை, அதை ஒட்டிக் கப்பல் கட்டும் தளம், தீவையும் தீவையும் தைத்தாற்போலப் பாலங்கள். பாலத்தில் லாரி, லாரியிலிருந்து துறைமுகம், கப்பல், குஜராத் கரை, அங்கிருந்து சரக்கு ரயில். கடைசியில் "ஏக் மஹீனா" என்றார். ஒரு மாதமா? அதுவரை பிணத்தை வைத்துக்கொண்டிருப்பார்களா?

"ஆத்மி சார், ஆத்மி! சாமான் நஹி" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். மனிதர் என்றால் படகு, பஸ், ஷின்கான்சென் என்கிற அதிவேக ரயில், பிறகு விமானம். "ஏக் தின்." ஒரே நாள். அந்தப் பாலங்கள் வந்ததும் அவர் ஊர் இளைஞர்கள் அதே வழியாக ஒசாகா, டோக்கியோ என்று போய்விட்டார்களாம். வெல்டிங் பிடிக்க ஆளில்லையாம். "இஸ்லியே ஆப் கி பேட்டி" என்றார், அதனால்தான் உங்கள் மகள் என்று, நல்ல செய்தி சொல்வதுபோல. அவர்கள் பிள்ளைகள் விட்டுப்போன இடத்தை நிரப்பத்தான் என் பிள்ளை கடல் தாண்டிப் போகவேண்டும் போலிருக்கிறது.

ஒரே நாள்தானே, நீங்கள் அடிக்கடி போகலாமே என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. போன ஜனவரியில் அம்மா இறந்துபோனார், நான் போகவில்லை என்றார். அந்த வாரம் தொழிற்சாலையில் புதுப் பிரிவு திறப்பு. அவர் படகைச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு நாள் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் நான்தான் ஓட்டினேன். ஹீட்டரைக் கூட்டவா என்று கேட்டேன், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா இறந்த அன்றைக்கு டிக்கெட் இருந்தது. "நீ போனால் ஸ்டியரிங்கில் வேறு ஆள் உட்காருவான்" என்று டிராவல்ஸ் முதலாளி சொன்னார். நான் போகவில்லை. இத்தனை வருடமாக ரயில் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அன்று மதியம் தொழிற்சாலை வாசலில், ஸ்டியரிங் மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். தைரியம் வந்து போடவில்லை. தடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்துதான் போட்டேன். விமான நிலைய வாசலில் கலையிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "எனக்கு ஒண்ணுன்னா, வர முடியலன்னா, பிளைட் கெடைக்கலன்னு சொல்லாத. லீவு தரலன்னே சொல்லு."

"க்யா அப்பா, போற நேரத்துல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் போய் நாலு மாதமாகிறது. இப்போதெல்லாம் ஏழு நாற்பதுக்கு மோரி சாருக்கு முன்னால் நானே மணி பார்த்துவிடுகிறேன். அந்நேரம் கலை தளத்துக்குள் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு தீப்பொறிக்கு முன்னால் குனிந்திருப்பாள்; அந்தப் படகில் அவளும் இருக்கமாட்டாள். "ஃபெரி கயா" என்கிறார் அவர். "ஹான் சார், கயா" என்கிறேன் நான். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறேன். ஒரு முழம் நகர்ந்து, வண்டி மறுபடி நிற்கிறது.