கொள்ளிட மணலில் ஒரு பாய்மரம்

செய்தி வந்தபோது என் முகத்தில் இடப்பக்கம் மட்டும்தான் மழிக்கப்பட்டிருந்தது. அரியலூர்க் கடைவீதியில், வழக்கமான நாற்காலியில், வழக்கமான நுரையோடு உட்கார்ந்திருந்தேன். சவரக்கடைக்காரர் கத்தியை என் தொண்டைக்கு நேரே நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தெரியும்ங்களா, தூத்தூர் டைலரு காலையில போயிட்டாராம்."

நான் எழுந்தேன். "உக்காருங்க, இந்தப் பக்கத்தையும் முடிச்சுடறேன்" என்றார். அது இருக்கட்டும் என்று துண்டால் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். துக்க வீட்டில் செல்லம்மாள் என்னைப் பார்த்தார். அழுகைக்கு நடுவிலேயே, "மீதித் தாடிய எதுக்குண்ணே பஸ்ஸுல எடுத்தாந்தீங்க?" என்றார். கணவரைப் பறிகொடுத்த அன்றும் அந்த வாய் ஓயவில்லை. அந்த வாயோடு வாழ்ந்துதான் கலியபெருமாள் கலியபெருமாள் ஆனார்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் அவரைத் தையற்காரராக அறிவீர்கள். உங்கள் கல்யாணச் சட்டையில் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருந்திருந்தால் அது அவர் தைத்தது. ஆனால் சோழர்களுக்குப் பிறகு இந்தச் சீமையில் சொந்தமாகக் கப்பல் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. பன்னிரண்டடி நீளம், ஒரு பாய், ஒரு துடுப்பு. கடாரம் வரைக்கும் போகும் தகுதி அதற்கு இருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர்தான் போதவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை எழுதிக்கொண்டிருந்தேன். எனவே அவர் வாயில் நான் "ரைட்டரு". ஞாயிறுதோறும் அவருடைய கப்பற்படையில் தலைமைத் தளபதி, துணைத் தளபதி, சுமைகூலி ஆகிய மூன்று பதவிகளையும் நானே வகித்தேன். பாயைக் காடாத் துணியில் அவரே தைத்திருந்தார். பழக்கதோஷத்தில் அதற்கு ஒரு பையும் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "பாய்னா என்னங்க ரைட்டரே, காத்து போட்டுக்கிற சட்டை. சட்டைன்னா பை வேணாமா?" என்றார்.

அந்தக் கப்பலால்தான் அவருடைய குடும்பம் இரண்டு கரைகளாகப் பிரிந்தது. செல்லம்மாளின் தாய்வீடு கொள்ளிடத்துக்கு அக்கரையில். ஓர் ஆடிப்பெருக்கன்று வரிசைத் தட்டுகளோடு மனைவியைப் படகில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நடு ஆற்றில் பலகை இடுக்குகள் வாயைத் திறந்தன. செல்லம்மாள் பழத்தட்டைக் கவிழ்த்து, அதாலேயே தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வாழைப்பழம் எல்லாம் வங்காள விரிகுடாவுக்குப் போனது. நனைந்த சேலையோடு கரையில் நின்று அவர் சொன்னது ஒரே வரி: "ஒழுவாத படகோட வாங்க, வரேன்." அதற்குப் பிறகு அவர் திரும்பவில்லை. ஐப்பசி போனது, தை போனது.

பங்குனியில் கொள்ளிடம் வறண்டு, கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். நடந்தால் அரை மணி நேரத்தில் அக்கரை. "போய்க் கூப்பிட்டுக்கிட்டு வந்துடுங்க டைலரே, எத்தனை நாளைக்கு என் வூட்டுச் சோத்தையே தின்பீங்க?" என்றேன். அவர் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நடந்து போயி கூட்டியாந்தா, படகு ஒழுவுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ங்க. படகுலதான் போனா. படகுலதான் வரணும்."

எனவே கப்பலைச் செப்பனிட இறங்கினோம். ஆற்றுக்கு நடுவே அதைக் கவிழ்த்துப் போட்டு, பழைய பூச்சைச் சுரண்டினோம். கடையில் சேர்ந்த வெட்டுத் துணியையும் பஞ்சையும் முறுக்கித் திரியாக்கி, பலகை இடுக்குகளில் உளியால் அடித்து இறக்கினோம். மேலே குங்கிலியத்தைக் காய்ச்சி வார்த்தோம். கடைசியாக வெளிப்புறம் முழுக்க முந்திரிக்கொட்டை எண்ணெய். ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து வடிக்கும் கறுப்பு எண்ணெய் அது. மரத்தில் பூசினால் பூச்சி அண்டாது, தண்ணீர் இறங்காது. மனிதத் தோலில் பட்டால் கொப்புளித்துவிடும். இரண்டு டின்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவன் நான். ஒரு டின்னில் ஊசிமுனை ஓட்டை இருந்தது. அதன் பிறகு ஒரு மாதம் நான் லாரிகளை நின்றபடியே எடை போட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த நாட்கள் இப்போது எனக்குக் கனவில் வருகின்றன. படகை நிமிர்த்தி, தைத்த தையலைச் சரிபார்க்கப் பாயை ஏற்றி வைத்தார். உச்சி வெயிலில் கானல் எழும்பும். மணல் அசைந்து அசைந்து நீராகிவிடும். அதன் மேல் வெள்ளைப் பாயோடு படகு மிதக்கும். அவர் துடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார், நான் எதிரே. ஒரு தடவை மேல்காற்று வந்து பாயை நிரப்பியது. படகு மணலில் ஒரு சாண் நகர்ந்தது. யாரும் நம்புவதில்லை. உண்மையில் அது ஒரு முழம்.

எண்ணெய் காயப் பத்து நாள் வேண்டும். மூன்றாம் நாளே அவருக்குப் பொறுக்கவில்லை. ஒழுகுமா என்று பார்த்தாக வேண்டும். ஆற்றிலோ தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாக மொண்டு படகுக்குள் ஊற்றினோம். உள்ளே ஊற்றியது வெளியே வராவிட்டால் வெளியே இருப்பது உள்ளே வராது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. விளிம்புவரை நிரப்பிவிட்டு நாங்கள் நிமிர்ந்தபோது, கானலுக்குள்ளிருந்து ஒரு பச்சைச் சேலை நடந்து வந்தது.

"ஏங்க, தண்ணியில்லாத ஆத்துல பாயை ஏத்தி வச்சிருக்கீங்க. மூணு நாளா அக்கரையில ஊரே நின்னு சிரிக்குது. எறக்குங்க அதை" என்றார் செல்லம்மாள்.

"ஒழுவாத படகோட வரச் சொன்னே. அதான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"தண்ணி படகுக்கு வெளியில இருக்கணும்ங்க. நீங்க உள்ளாற ஊத்தி வச்சிருக்கீங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்களுமா?"

நான் காற்றின் திசையை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"ஒரு பொட்டு வெளிய வரல, வேணும்னா பாரு" என்றார் கலியபெருமாள். செல்லம்மாள் குனிந்தார். ஈரம் இருக்கிறதா என்று இரண்டு உள்ளங்கைகளாலும் படகின் அடிவயிற்றை முன்னாலிருந்து பின்னால்வரை தடவினார். "ஈரமா எண்ணெயான்னு தெரியலயே" என்று கைகளை எடுத்துக் காட்டினார். இரண்டும் கன்னங்கரேல் என்றிருந்தன.

கலியபெருமாளின் முகம் அன்று போனதுபோல நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. ஓடிப்போய், வேலைக்கு முன் நாங்கள் கையில் பூசிக்கொள்ள வைத்திருந்த தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து செல்லம்மாளின் கைகளில் ஊற்றித் தேய்த்தார். மனைவியின் முழங்கையைப் பிடித்தார். நடக்கத் தொடங்கினார். அக்கரைக்கு, மணலில், நடந்து. செருப்புகூடப் போடவில்லை. கூப்பிட்டேன். திரும்பவில்லை. கானல் இருவரையும் முழங்கால்வரை, பிறகு இடுப்புவரை, பிறகு முழுவதுமாக எடுத்துக்கொண்டது.

பிறகு நடந்ததைக் கலியபெருமாளின் மச்சினர் சொல்லித்தான் அறிந்தேன். செல்லம்மாளின் கைகள் பலாப்பழம்போலக் கொப்புளித்துவிட்டன. சோற்றைப் பிசைந்து ஊட்டியதும், தலை வாரிப் பின்னிவிட்டதும் கலியபெருமாள்தான். பதினைந்து நாள். மாமியார், "மாப்பிள்ளை, படகு எங்க?" என்று கேட்டாராம். "காயுதுங்க. காயட்டும்" என்றாராம். தோல் உரிந்து புதுத்தோல் வந்ததும் இரண்டு பேரும் நடந்தே தூத்தூர் வந்து சேர்ந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

ஆடியில் தண்ணீர் வந்தது. பெருக்குக்கு அக்கரை போகப் படகை இறக்கினோம். செல்லம்மாள் மறுபடியும் ஏறுவாரா என்று படகின் விளிம்பைப் பிடித்தபடி பார்த்தேன். அவர் வரிசைத் தட்டோடு ஏறி நடுவில் உட்கார்ந்தார். நடு ஆற்றில் பாய் நிரம்பியது. சத்தமே இல்லை. கரைகள் இரண்டும் எங்கேயோ போய்விட்டன. அப்போது செல்லம்மாளின் காலடியில் ஒரு விரற்கடைத் தண்ணீரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

பாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கலியபெருமாள் கேட்டார்: "ஒழுவுதா செல்லம்?"

செல்லம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து அந்தத் தண்ணீரின்மேல் போட்டு மிதித்துக்கொண்டார். "இல்லீங்க. பொட்டுத் தண்ணி இல்ல. நீங்க காத்தப் பாருங்க."

கரை சேர்ந்ததும் முதலில் குதித்து, முழங்கால் தண்ணீரில் வேண்டுமென்றே நடந்தார். நனைந்த சேலைக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா? போகிற போக்கில் என்னிடம், "சொல்லிடாதீங்கண்ணே, அவரு தாங்க மாட்டாரு" என்றார். வாக்குக் கொடுத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு நானும் கலியபெருமாளும் புன்னை மர நிழலில் படுத்திருந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "பின்பக்கம் மூணாவது பலகை, ரைட்டரே. நூறடி போறதுக்குள்ள என் பாதம் நனைஞ்சிடுச்சு."

"அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

"அவ என்ன சொல்றான்னு கேக்கத்தான்." துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். "சொல்லிடாதீங்க. சந்தோஷமா இருக்கா."

அவருக்கும் வாக்குக் கொடுத்தேன். உலகத்தில் எந்தக் கஜானாவுக்கும் இல்லாத காவல் அந்த இரண்டு வாக்குகளுக்கும் இத்தனை வருஷமாக நான் போட்டு வந்தேன். செல்லம்மாளுக்குக் கொடுத்ததை இனி மீற வழியில்லை. அவருக்குக் கொடுத்ததை மட்டும் இன்று மீறுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

தங்கச்சி, அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடியிலும் நீ இல்லை என்று சொல்வதைக் கேட்பதற்காகவே நடு ஆற்றில் அவர் அதே கேள்வியைக் கேட்டுவந்தார். கலியபெருமாளில் என்னிடம் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். இதை நீ வைத்துக்கொள்.