தெரியாதவர் மட்டும் கேட்கும் வீடு

ரோவினாவின் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான்: விடை தெரிந்தவர் கேள்வி கேட்கக் கூடாது.

சட்டத்துக்குக் காரணம் பழைய கோபம். சிறுவயதில் அவளை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டார்கள். அவள் திருதிருவென்று விழிப்பதை வகுப்பே வேடிக்கை பார்த்தது. அன்றே முடிவு செய்துவிட்டாள், தன் பிள்ளைகளுக்கு இது வேண்டாமென்று. வளர்ந்து, பூக்கடையில் வேலை பார்த்து, இங்கிலாந்தின் கடலோர ஊரான ஸ்கார்பரோவில் பஸ் ஓட்டும் நெவிலைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பிள்ளைகளும் பெற்ற பிறகும் அந்த முடிவு அசையவில்லை. ஏழு வயது ஹெட்டியும் நான்கு வயது ராஃபியும் பள்ளிக்கூடம் போகவில்லை. மழை விட்டால் கடற்கரை, பெய்தால் அடுப்படி மேசை, அதுதான் அவர்கள் படிப்பு. "தெரியல" என்பது அந்த வீட்டில் மரியாதையான பதில். யாராவது அதைச் சொன்னால் எல்லோரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சேர்ந்து தேடுவார்கள். கேள்விகளில் முக்கால்வாசி ஹெட்டியுடையது. ராஃபி இதுவரை சாப்பாட்டைத் தவிர எதைப் பற்றியும் கேட்டதில்லை.

அந்த வசந்தத்தில் நெவில் மெதுவாக ஒரு பேச்சை எடுத்தான். அடுத்த தெருப் பள்ளியில் ஹெட்டிக்கு இடம் இருக்கிறதாம், செப்டம்பரில் சேர்க்கலாமாம். ரோவினா பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். மே கடைசியில் நெவிலுக்கு ஒரு வாரம் லீவு. குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டு, சனிக்கிழமை ஹெட்டியையே கேட்பது. அவள் என்ன சொன்னாலும் இருவரும் தலையாட்டுவது.

ரோவினா உடனே ஒப்புக்கொண்டாள். அவள்தான் அந்த வாரத்துக்குத் திட்டம் போட்டிருந்தாளே! மியூசியம், கோட்டை, கடற்கரைப் பாறைகள். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு உலகம் எப்படித் திறந்து கிடக்கிறதென்று பார்த்துவிட்டால், எந்தக் குழந்தை பள்ளிக்கூடம் கேட்கும்? இதற்குப் பெயர் லஞ்சம் என்று யாராவது சொல்லியிருந்தால், அவருக்கு வாசலைக் காட்டியிருப்பாள்.

திங்கட்கிழமை மியூசியத்துக்குப் போனால், வரிசை தெருவில் நின்றது. நாட்டுக்கே பள்ளி விடுமுறை! பள்ளி இல்லாத வீட்டுக்குப் பள்ளி விடுமுறை எங்கே ஞாபகம் இருக்கிறது? வீட்டில் படிக்கிறவர்களுக்கு மியூசியம் என்றால், காவலாளி பேச்சுத்துணைக்கு ஏங்கும் வாரநாள் காலை. தினமும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நெவிலுக்காவது உறைத்திருக்க வேண்டும். லீவு என்றதும் அவன் மூளையும் லீவில் போய்விட்டது.

"இவங்கல்லாம் யாரும்மா?" என்றாள் ஹெட்டி. அந்த மியூசியம் தங்களுக்கென்றே கட்டியது என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

டைனோசர் கால்தடம் பதிந்த கல் பக்கம் எப்போதும் தரையில் படுத்துக்கொண்டு பார்ப்பாள். அன்று கல்லைப் பார்க்கவே இல்லை. சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். ஒரு பெண் "லைன்!" என்றதும் மற்றவர்கள் எப்படிச் சட்டென்று ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்? கோட்டை மேட்டில் ஏறும்போதும் அதே விசாரணைதான். பள்ளியில் அவர்கள் மழைச்சட்டையை எங்கே மாட்டுவார்கள், அது தன்னுடையதுதான் என்று எப்படித் தெரியும், பக்கத்தில் உட்காருகிறவரை யார் தேர்ந்தெடுப்பார்கள். பாதிக்கு ரோவினாவுக்கு விடை தெரியும். ஒவ்வொன்றையும் பல்லைப் பிடுங்குவது மாதிரிச் சொன்னாள்.

வியாழக்கிழமைக்கு அவள் வைத்திருந்தது துருப்புச்சீட்டு. கடல் உள்வாங்கும் நேரம், பாறைக் குழிகளில் நண்டும் நட்சத்திர மீனும். ஆனால் அங்கேயும் சில சிறுமிகள் முந்திக்கொண்டிருந்தார்கள். விடுமுறையில் வந்து என்ன விளையாடினார்கள் என்கிறீர்கள்? பள்ளிக்கூட விளையாட்டு! மண்வெட்டி வைத்திருந்தவள் டீச்சர். ஹெட்டி போய் வரிசையில் உட்கார்ந்தாள். ரோவினா பிளாஸ்க்கிலிருந்து தேநீரை ஊற்றிக்கொண்டு காதைத் தீட்டினாள்.

"நண்டுக்கு எத்தனை கால்?"

"பத்து," என்றாள் ஹெட்டி. "ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கையத் தூக்காம பேசக் கூடாது."

"தெரிஞ்சா அப்புறம் எதுக்குக் கேக்குற?"

"உனக்குத் தெரியுமான்னு பாக்கத்தான், மக்கு."

ரோவினாவுக்கு உள்ளுக்குள் குதூகலம். இதோ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கசந்துவிட்டது! ஹெட்டி கொஞ்ச நேரம் மணலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து ஓடிவந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"அம்மா, அவளுக்கு நண்டப் பத்தித் தெரியும். ஆனா எனக்குத் தெரியுமான்னு தெரியாது. அதத்தான் கேட்டிருக்கா. அப்போ அதுவும் நம்ம சட்டப்படி நெஜக் கேள்விதானே?"

சொல்லிவிட்டுத் திரும்ப ஓடி, கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ரோவினாவின் கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது. இத்தனை வருடம் கட்டிக் காத்த கோபத்தை இப்படி ஒரு பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை மாலை துறைமுகச் சுவரில் உட்கார்ந்து மீனும் சிப்ஸும் சாப்பிட்டார்கள். தலைக்கு மேலே கடல்காக்கைகள் கண்வைத்துச் சுற்றின. நெவில் ரோவினாவைப் பார்த்தான். நீயே கேள் என்று அர்த்தம். கேட்கிற விதத்தில் கேட்டால் குழந்தையை எந்தப் பக்கமும் சாய்க்கலாம், ரோவினாவுக்கு அது தெரியும். அவள் அப்படிக் கேட்கவில்லை.

"ஹெட்டி, உனக்குப் பள்ளிக்கூடம் போகணும்னு இருக்கா?"

ஹெட்டி கையிலிருந்த சிப்ஸைக் கீழே வைத்தாள். "நீ தெரிஞ்சு கேக்குறியா, தெரியாம கேக்குறியா?"

திங்கட்கிழமை கேட்டிருந்தால் தெரிந்துதான் கேட்டிருப்பாள்.

"தெரியாமதான் கண்ணு."

"அப்போ சொல்றேன். போய்ப் பாக்கணும்மா. உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும். பிடிக்கலேன்னா வந்துருவேன்."

எதையும் போய்ப் பார் என்று சொல்லிக் கொடுத்தவளே ரோவினாதான், யாரைக் குறைசொல்வது? "சரி, போய்ப் பாரு," என்றாள். நெவில் வாயைத் திறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதுவும் ஒன்று.

ஹெட்டி வினிகர் சொட்டும் கையை மேலே தூக்கினாள். அக்காவைப் பார்த்து ராஃபியும் தூக்கினான். அவனுக்கு இன்னும் மீன் வேண்டும்.

"சொல்லு ஹெட்டி," என்றாள் ரோவினா.

"பகல்ல நான் இல்லேன்னா, உங்கிட்ட யாரும்மா கேள்வி கேப்பா?"

ரோவினா கடலைப் பார்த்தாள், படகுகளைப் பார்த்தாள், நெவிலைப் பார்த்தாள்.

"தெரியலடி," என்றாள்.

வீட்டுச் சட்டப்படி ஹெட்டி நகர்ந்து வந்து அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள், சேர்ந்து தேடுவதற்கு.